சென்றி நேரத்தைக் கழித்தால்

1

யோசனை வந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். முடிவுக்கோட்டுக்கு அப்பால் ஒரு விளையாட்டு மைதானம். அதன் ஈரப் புல்லில் இரண்டு காலையும் நீட்டி, கையில் பாதி வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்திரண்டு கிலோமீற்றர் ஓடி முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவருகிற கரின் எனக்கு முன்னமே ஓடி முடித்துவிட்டார். தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார். நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் இரண்டு. கால்களோ மான் கால்கள்.

ஒன்று சொல்லிவிடவேண்டும். இங்கே ஜேர்மன்காரர் கதைப்பதெல்லாம் என்னுடைய மொழிபெயர்ப்பு. அதனால் எல்லாரும் என் சொந்த ஊரான நீர்வேலியின் ஆட்கள் மாதிரித்தான் கதைப்பார்கள்.

"உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். உமக்குச் சந்தியளிலை என்ன பிரச்சினை?" என்றார் கரின்.

"என்ன சந்தி?"

"முப்பத்திநாலாம் கிலோமீற்றர் மட்டும் உமக்குப் பின்னாலைதான் வந்தனான். நேர் றோட்டிலை உம்மைப் பிடிக்கேலாது. சந்தி வந்தால் நடக்கிறீர். சந்தி கழியப் பேந்து ஓடுறீர். நான் உம்மை முந்தினது கெதியா ஓடியில்லை. நீர் நடந்ததாலைதான்."

"நான் ஒரு இடத்திலையும் நடக்கேல்லை."

"நடந்தீர். பொலிஸ் நிண்ட சந்தி எல்லாத்திலையும்."

ஓட்டப் பாதையை வேறு வீதிகள் வெட்டுகிற இடமெல்லாம் வாகனத்தை மறிக்க ஒரு பொலிஸ்காரர் நின்றது உண்மைதான். என் கால் அவர்களைக் கண்டு நடந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இந்த ஊருக்கு வந்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் என் கால் வேறு எங்கேயோ நடந்துகொண்டிருந்திருக்கிறது.

நான் உயர்தரத்தில் கணிதம் படித்தவன். வெட்கம் வந்தாலும் கணக்கு அதற்கு முன்னே வந்துவிடும். பையிலிருந்து பாதைப் படத்தை எடுத்துச் சந்திகளை எண்ணினேன். இருபத்தாறு. ஒரு சந்திக்கு முப்பத்தைந்து விநாடி வீதம் கால் மணித்தியாலம். நான் ஓடி முடித்தது மூன்று மணி நாற்பத்தாறு நிமிடத்தில். கால் மணித்தியாலத்தைக் கழித்தால் மூன்று முப்பத்தொன்று! இன்னும் ஒரு குளிர்காலம் பயிற்சி எடுத்தால் மூன்றரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். புதுக் கால் தேவையில்லை. இருக்கிற கால் பொலிஸைத் தாண்டி ஓடப் பழகினால் போதும்.

துள்ளி எழும்பினேன். இரண்டு தொடையும் பிடித்துக்கொள்ள, எழும்பின வேகத்தில் திரும்பப் புல்லில் விழுந்தேன்.

"நாளைக்கு யோசியும். இண்டைக்குப் படுத்திரும்," என்றார் கரின்.

2

இந்தப் பழக்கம் எங்கே தொற்றியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அதில் பிழை முழுக்க என்னுடையது.

எண்பத்தாறில் உயர்தரச் சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்காகக் காத்திருந்தேன். பத்தொன்பது வயது. வீட்டில் கால் நிற்காது. சித்திரை வருடப்பிறப்புக்கு ஊர்ச் சனசமூக நிலையம் வைக்கிற மரதன் ஓட்டத்தில் வெல்லவேண்டும் என்று ஒரு வெறி. விடியப்புறம் நீர்வேலியில் வெளிக்கிட்டு, கோப்பாய், உரும்பிராய் கழிய மருதனார்மடம் சந்திவரை ஓடித் திரும்புவேன். சந்திக்கு முந்தின கடைசிக் கால் மைல் உயிரைக் கொடுத்து ஓடவேண்டும் என்பது நானே எனக்கு விதித்த சட்டம்.

முதல்நாள் அப்படி உயிரைக் கொடுத்துக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குள் வந்து விழுந்தேன். சந்தை கூடுகிற நேரம். கீரைக்கட்டுகளோடு இருந்த ஒரு அம்மா கேட்டார்:

"தம்பி, ஏன் ராசா ஓடுறாய்? ஆமிக்காரர் எங்கை நிக்கிறாங்கள்?"

மூச்சு வாங்கியதில் வாய் திறக்க முடியவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்வதற்குக் கையை உயர்த்திப் பின்பக்கமாக வீசிக் காட்டினேன். அவ்வளவுதான். வீசின திசையைச் சனம் பார்த்தது. "ஐயோ, வாறாங்களாம்!" என்று ஒரு குரல். கடைப் பலகைகள் தடதடவென்று விழுந்தன. மிளகாய் மூட்டையோடு நின்ற உழவு இயந்திரம் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே போனது. தக்காளிப்பழம் உருண்டது. சந்தை முழுக்க ஓடுவதைக் கண்டதும் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. நானும் அவர்களோடு சேர்ந்து ஓடினேன்!

ஒரு ஒழுங்கைக்குள் மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். பக்கத்தில் கத்தரிக்காய்க் கடகத்தோடு ஒரு ஐயா.

"ஆர் கண்டதாம்?" என்றார் மெல்ல.

"தெரியேல்லை ஐயா. எல்லாரும் ஓடிச்சினம், நானும் ஓடினன்."

"ஆரோ நெட்டைப் பெடியன் ஒருத்தன்தான் தகவல் கொண்டு வந்தவனாம்," என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் நெட்டை. களிசானும் பெனியனுமாக வியர்த்து ஒழுகிக்கொண்டு நின்றேன். "உவன்தான்!" என்று அவர் கத்தியபோது நான் அன்றைய ஓட்டத்தின் மிகவேகமான பகுதியைத் தொடங்கியிருந்தேன்.

கதை எனக்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டது. என்னைவிட மூன்று வயது மூத்தவள் சின்னக்கா. அப்போது தொண்டர் ஆசிரியை. அவள் கிணற்றுக்கட்டில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"எடேய், தனிய ஓடினால் அது கலவரம். பக்கத்திலை ஒரு சைக்கிள் போனால் அது விளையாட்டு. நாளைக்கு நான் வாறன்."

வந்தாள். எங்கள் ஐயாவின், அதாவது அப்பாவின், கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, தேசிக்காய்த் தண்ணீர்ப் போத்தலைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்தில் மிதித்தாள். ஊர் மரதன்களில் ஒவ்வொரு ஓட்டக்காரனுக்கும் பக்கத்தில் ஒரு சைக்கிள் வருமே, அதே மாதிரி. அதற்குப் பிறகு ஒரு கடையும் பூட்டவில்லை. "பிள்ளை, உவன் வெல்லுவானோ?" என்று சந்தையில் கேட்பார்கள். "இப்பிடிப் பயந்து ஓடினால் வெல்லுவான்," என்பாள்.

எண்பத்தெட்டில் எங்கள் வாசிகசாலைச் சந்தியில் ஆமியின் சென்றி, அதாவது மண்மூட்டை அடுக்கிய காவலரண், வந்தது. எழுதிப் போட்ட சட்டம் ஒன்றுமில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது. பூவரச மரத்தடியில் சைக்கிளால் இறங்கவேண்டும். தலையைக் குனிந்து உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும். தேத்தண்ணீர்க் கடை கழிந்தபிறகுதான் ஏறலாம். ஓடுகிறவனுக்கு என்ன விதி என்று தெரியாததால் முதல்நாள் ஓடியே போனேன். துவக்கு நீண்டது. முழங்காலில் இருத்தினார்கள். சின்னக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டி, கையாலும் காலாலும் விளங்கப்படுத்தி, அரை மணித்தியாலத்தின் பின் என்னை எழுப்பிக்கொண்டு வந்தாள். வீடு வரும்வரை அவள் ஒரு பகிடியும் விடவில்லை.

மறுநாள் பூவரசடியில் அவள் இறங்கினாள். நான் நடந்தேன். தேத்தண்ணீர்க் கடை கழிந்ததும் அவள் ஏறினாள், நான் ஓடினேன். வீட்டுக்கு வந்து நேரத்தைக் கொப்பியில் குறிக்கும்போது சொன்னாள்:

"அந்த நடந்த நேரத்தைக் கழிச்சுப்போட்டன்."

"அது கள்ளமெல்லோ சின்னக்கா?"

"என்ன கள்ளம்? அது எங்கடை நேரமில்லை. அவங்கடை நேரம்."

அன்றிலிருந்து கொப்பியில் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் அவளுடைய உருண்டை எழுத்தில் ஒரு குறிப்பு: சென்றி நேரம் கழித்து. அந்த வருடம் மரதனே வைக்கவில்லை. அடுத்த வருடம் நான் இங்கே.

இங்கே அந்த நேரத்தைக் கழிக்கச் சின்னக்கா இல்லை.

3

காலை நான்கு மணியிலிருந்து பதினொன்றுவரை ஒரு பேக்கரியில் தட்டுத் தூக்குகிறேன். பிறகு மொழி வகுப்பு. பின்னேரம் ஓட்டம். சிவம் அண்ணை வீட்டில் ஒரு அறை. அவர் பெரியப்பாவின் மகன். அவருடைய ஆறு வயது மகள் தர்சி எனக்கு ஜேர்மன் உச்சரிப்புத் திருத்துகிறாள். தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் சொல்லுவாள். "சித்தப்பா, நீங்கள் கதைக்கிறது பழைய ஆக்கள் கதைக்கிற மாதிரி," என்று ஒருநாள் சொன்னாள். இருபத்தேழு வயதில் இந்தப் பட்டம்.

வேலையில்லாத நாளில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது இன்னொன்று கவனித்தேன். பொலிஸ் காரைக் கண்டால் கை காட்டுகிறாள். உள்ளே இருப்பவர்களும் திரும்பக் கை காட்டுகிறார்கள். வகுப்புக்கு ஒரு பொலிஸ்காரர் வந்து வீதி கடக்கச் சொல்லிக் கொடுக்கிறாராம். பொம்மை வைத்துக் கதை சொல்கிறாராம். அவள் எங்களைவிட்டுத் தள்ளிப் போகிறாள் என்று சிவம் அண்ணை கவலைப்படுகிறார். அவர் கவலை நியாயம்தான். ஆனால் அந்தச் சின்னக் கை எழும்பும்போதெல்லாம் என் நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்குகிறது. அவளுக்குப் பூவரசடி இல்லை.

குளிர்காலப் பயிற்சியை ஒழுங்காகத் திட்டமிட்டேன். செவ்வாய்க்கிழமை காட்டுப் பாதையில் ஆயிரம் மீற்றர் எட்டுத் தரம். வியாழக்கிழமை மேடு. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தில்தான் வில்லங்கம். எங்களைப் போல அகதி வழக்கு முடியாதவர்கள் பதிந்த மாவட்டத்தைவிட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது. முப்பது கிலோமீற்றர் ஓடுகிறவனுக்கு இந்த மாவட்டம் ஒரு வீட்டு வளவு.

தை மாதத்து ஒரு ஞாயிறு. புகாரான காலை. பீற்றூட் தோட்டங்களுக்கு நடுவே ஒழுங்கைகளால் ஓடிக்கொண்டிருந்தேன். கால் எரியவில்லை, மூச்சு வாங்கவில்லை. இப்படி ஓடினால் சின்னக்கா என்ன சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். மாவட்ட எல்லைப் பலகை பெரிய வீதியில் நிற்கிறது. ஒழுங்கையில் ஒரு பலகையுமில்லை.

ஒரு பஸ் தரிப்பிடத்தில் பொலிஸ் கார் நின்றது. இரண்டு பேர் வெளியே நின்று கோப்பி குடித்தார்கள். எனக்கு எல்லாம் தெரியும். கரின் சொன்னது தெரியும். இருபத்தாறு சந்திக் கணக்குத் தெரியும். ஆனாலும் நூறு யார் முன்னமே கால் ஓட்டத்தை விட்டது. கை இரண்டும் உடம்பைவிட்டு விலகிற்று. தலை குனிந்தது. மரியாதையாக நடந்து அவர்களைக் கடந்தேன். தேத்தண்ணீர்க் கடை இருக்கவேண்டிய தூரம் வந்ததும் திரும்ப ஓடத் தொடங்கினேன்.

கார் பின்னால் வந்து முன்னால் நின்றது.

"ஏன் எங்களைக் கண்டவுடனை ஓட்டத்தை நிப்பாட்டினீர்?" என்று மூத்தவர் கேட்டார்.

"மரியாதைக்கு."

இரண்டு பேரும் ஆளையாள் பார்த்தார்கள்.

"ஓடினவனை மறிச்சிருக்கிறன்," என்றார் மூத்தவர். "இருபது வருஷத்திலை நடந்தவனை மறிக்கிறது இதுதான் முதல்தரம். எங்களைக் கண்டு ஓடுறவனெண்டால் விளங்கும். எங்களைக் கண்டு நடந்து, கழிய ஓடுறவனை என்னெண்டு எடுக்கிறது?"

அங்கே மருதனார்மடத்தில் ஓடி ஒரு சந்தையைக் கலைத்தவன், இங்கே நடந்து பிடிபட்டேன். சப்பாத்துக்குள் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அடையாள அட்டை இல்லாமல் படலை தாண்டாத பழக்கம் இன்னும் போகவில்லை. இளையவர் அதைப் படித்தார். அவருடைய முகம் மாறியது.

"இது எந்த மாவட்டம் தெரியுமோ?"

மூன்று கிலோமீற்றர் வெளியே வந்திருந்தேன்.

எழுதிக்கொண்டார்கள். கடுமையாக ஒன்றும் பேசவில்லை. பின்சீற்றில் ஏற்றி, எல்லைப் பலகையடியில் கொண்டுவந்து இறக்கினார்கள். "இனி ஓடும்," என்றார் மூத்தவர். ஓடினேன். அங்கிருந்து வீடுவரை இருந்த பன்னிரண்டு கிலோமீற்றரை அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகமாக நான் ஓடியதில்லை. பயிற்சிக் கொப்பியில் அதை எழுதவில்லை.

4

இங்கே வழக்குக் கடிதங்கள் மஞ்சள் உறையில் வரும். கையெழுத்து வைத்து வாங்கவேண்டும். எங்கள் ஆட்களுக்கு மஞ்சள் நிறம் என்றாலே பயம். மற்றத் தெருக்களில் தபால்காரி ஒன்றுமில்லை என்றால் முகம் சுருங்கும். எங்கள் வீட்டில் மட்டும் மலரும். கரினுக்கு இது தெரியும். வாசலில் நிற்க முன்னமே, "இண்டைக்கு உங்களுக்கு ஒண்டுமில்லை!" என்று நல்ல செய்தி போலக் கூவிக்கொண்டு போவார்.

நடந்ததைச் சிவம் அண்ணையிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கையோடு எழும்பிவிட்டார்.

"உனக்கு விசரோடா? கேஸ் முடியேல்லை. சட்டத்தை மதிக்காதவனெண்டு ஒரு வரி எழுதினாங்களெண்டால் காணும். ஓடவோடா நீ இஞ்சை வந்தனீ?"

"ஓடித்தானே அண்ணை எல்லாரும் இஞ்சை வந்தனாங்கள்."

பகிடி எடுபடவில்லை. "இனி இந்த வீட்டிலை ஓட்டக் கதை வேண்டாம்," என்றார். சப்பாத்தை எடுத்து நிலவறையில் வைத்துவிட்டேன். அடுத்த ஏழு கிழமை ஓட்டமில்லை, நித்திரையுமில்லை. வித்தாரமாக நேரக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன், ஒரு கடிதத்துக்கு எத்தனை நாள் எடுக்கும் என்று கணக்குப் போட்டேன். திருப்பி அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள் என்றும் யோசித்தேன். அந்தக் கணக்குக்கு விடை எழுத முடியவில்லை.

"இண்டைக்கு ஒண்டுமில்லை." "இண்டைக்கும் ஒண்டுமில்லை." எட்டாம் கிழமை ஒருநாள் கரின் கூவாமல் வந்தார். கையில் மஞ்சள்.

கையெழுத்து வைத்தேன். உறையைப் பிரித்தேன். ஒரே வசனம் ஏழு வரி. வினைச்சொல் எங்கேயோ கடைசியில் ஒளிந்திருந்தது. என் கண்ணுக்கு அது தட்டுப்படவேயில்லை. கரினிடம் நீட்டினேன். அடுத்த வீட்டுக் கடிதங்களை மதிலில் வைத்துவிட்டு விரலால் கோடு பிடித்து வாசித்தார்.

"எச்சரிக்கை," என்றார். "தண்டமில்லை. வழக்குமில்லை. ஓடுறவர் எண்டபடியால் தெரியாமல் வந்திருக்கிறார் எண்டு பொலிஸ் எழுதியிருக்கு. இனி வெளியாலை போறதெண்டால் முதலே அனுமதி கேக்கச் சொல்லியிருக்கினம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ?"

"கீழை ஒரு கையெழுத்து இருக்கு. அதையும் வாசிக்கட்டோ?"

அன்று மத்தியானம் மூன்று தரம் புட்டுப் போட்டுச் சாப்பிட்டேன். சிவம் அண்ணை கடிதத்தை முன்னும் பின்னும் பார்த்தார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு நிலவறைக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் என் சப்பாத்து.

"பூஞ்சணம் பிடிச்சுப்போச்சு," என்றார். "தோச்சுக் காயப்போடு. நாளைக்கு ஓடவேணுமெல்லே."

5

வசந்தத்து ஓட்டம் பக்கத்துப் பெரிய நகரத்தில். அதற்கு ஒன்பது கிழமை இருந்தது. அந்த நகரம் எங்கள் மாவட்டமில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அனுமதி கேட்கப் போனேன். படிவத்தில் பயண நோக்கம் என்று ஒரு பகுதி: வைத்தியம், வழக்கறிஞர், திருமணம், மரணச்சடங்கு. ஒன்றுக்குக் கோடு போடவேண்டும்.

"ஆரைப் பாக்கப் போறீர்?" என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர்.

"ஒருத்தரையுமில்லை. ஓடப் போறன்."

"எங்கை மட்டும்?"

"வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வருவன்."

"அப்ப ஏன் போறீர்?"

நல்ல கேள்விதான். பாதைப் படத்தை எடுத்துக் காட்டினேன். விரலால் பாதையைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் ஐந்தாவதாக ஒரு கோடு தானே கீறி, "வேறு" என்று எழுதி, பக்கத்தில் 42.195 என்று குறித்துவிட்டு முத்திரை குத்தினார். ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை. "எட்டு மணிக்குள்ளை ஓடி முடிப்பீர்தானே?" என்று கேட்டபோதுதான் அவருக்கும் பகிடி வரும் என்று கண்டேன்.

இனிக் காலைப் பழக்கவேண்டும். இதற்குக் கரின் ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிறு விடிய, ஆளில்லாத ஒரு சந்தியில், தபால் கந்தோர்ச் சீருடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு நடுவீதியில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் இருநூறு மீற்றரிலிருந்து ஓடி வந்து அவரைக் கடக்கவேண்டும். முதல் தரம் நடந்தேன். இரண்டாம் தரமும் நடந்தேன்.

"நான் கடிதம் குடுக்கிறவள் ஐசே! என்னட்டைத் துவக்கில்லை!"

"உம்மட்டை மஞ்சள் உறை இருக்கு. அது அதைவிடப் பயம்."

அவர் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டு வந்ததில் ஒன்பதாம் தரமோ பத்தாம் தரமோ கால் நிற்காமல் தாண்டிவிட்டது. அவ்வளவு காலம் என் கால் எதிர்பார்த்த ஒன்று முதுகில் வந்து விழவில்லை. குளிர்காற்று மட்டும் வந்தது. அடுத்த கிழமை தர்சியும் வந்தாள். தகப்பனுடைய பெரிய மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, "நான் பொலிஸ்!" என்று அடுத்த சந்தியில் நின்றாள். தமிழில்தான் சொன்னாள்.

இதையெல்லாம் சின்னக்காவுக்குப் பதினொரு பக்கம் எழுதி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். ஊருக்குப் போக இருக்கிற ஒரே வழியான கிளாலிக் கடல் தாண்டி அது எப்போது போய்ச் சேருமோ என்றிருந்தது.

6

ஓட்ட நாளன்று அனுமதிக் கடதாசியைப் பொலித்தீனில் சுற்றி, களிசான் உட்பையில் ஊசி குத்தி வைத்துக்கொண்டேன். முப்பத்தொரு சந்தி. முதலாவது வந்தது. பொலிஸ்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காரை மறித்தார். ஓடினேன். இரண்டு, மூன்று. பத்தாவதில் ஒரு பொலிஸ்காரி கைதட்டினார். பதினைந்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். பாதித் தூரத்தில் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு மணி நாற்பத்துநான்கு. முப்பத்தைந்தாம் கிலோமீற்றரில் கால் மரக்கட்டை ஆகிற இடத்திலும் அது மரமாகித்தான் ஓடியது, நிற்கவில்லை. "எடேய், பயந்து ஓடாதை, வெல்ல ஓடு," என்று பக்கத்தில் ஒரு சைக்கிள் வருகிற மாதிரி இருந்தது.

கடைசிச் சந்தி. நாற்பத்தோராம் கிலோமீற்றர். பெரிய மீசைக்காரப் பொலிஸ்காரர். அவர் உள்ளங்கையை விரித்து நேரே என் பக்கம் நீட்டினார்.

நின்றேன். நின்றது மட்டுமில்லை, கை இரண்டும் உடம்பைவிட்டு விலகத் தலையைக் குனிந்து நடந்தேன். நடந்துகொண்டே அவர் பக்கத்தில் வந்தேன். அவர் திகைத்துப்போய்த் தன் கையைப் பார்த்தார். பிறகு என் பின்பக்கம் காட்டினார். எனக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையிலிருந்து சிவப்புக் கார் ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"உமக்கில்லை!" என்று கத்தினார். "காருக்கு! நீர் ஓடும், ஓடும்!"

ஓடினேன். சிரிப்பும் மூச்சும் ஒன்றாய் முட்ட ஓடினேன். முடிவுக்கோட்டுக்கு மேலே பெரிய மணிக்கூடு: மூன்று மணி முப்பது நிமிடம் பத்தொன்பது விநாடி.

இந்த முறை எனக்குப் பின்னால் வந்த கரின் கட்டிப்பிடித்துவிட்டு, "பத்தொன்பது விநாடி! எங்கை விட்டனீர்?" என்றார். எங்கே விட்டேன் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். கொப்பியைத் திறந்து எழுதப் போனேன். சென்றி நேரம் கழித்து மூன்று மணி இருபத்தொன்பது நிமிடம் நாற்பத்தைந்து விநாடி. பேனை "சென்" என்பதற்கு மேல் போகவில்லை. அது அவங்கடை நேரமில்லை. அந்த மீசைக்காரர் என்னை மறிக்கவேயில்லையே. அது முழுக்க என்னுடைய நேரம். அதை வெட்டிவிட்டு 3:30:19 என்று எழுதினேன். மூன்று நாற்பத்தாறிலிருந்து வந்தவனுக்கு இது கவலைப்படுகிற நேரமுமில்லை. மாலை ஆறு மணிக்கே வீட்டில் நின்றேன். அனுமதியில் இரண்டு மணித்தியாலம் மிச்சம்.

போன கிழமை கரின் வாசலில் நின்று, "இண்டைக்கு உமக்கு ஒண்டு இருக்கு!" என்றார். நீல உறை. உருண்டை எழுத்து. சின்னக்கா இப்போது நிரந்தர ஆசிரியை. மின்சாரம் இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பிள்ளைகளைக் கொண்டு சில்லைச் சுற்றுவித்து, டைனமோவில் றேடியோ கேட்கிறாளாம். என் பதினொரு பக்கத்தையும் வாசித்துச் சிரித்துச் சிரித்து ஐயா பயந்துபோனாராம். கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

"உனக்கு ஒண்டு சொல்லுறன், ஒருத்தருக்கும் சொல்லாதை. சென்றி போய் நாலு வருஷமாச்சு. மண்மூட்டையும் இல்லை, ஒண்டுமில்லை. தேத்தண்ணிக் கடையும் திறந்திட்டாங்கள். நான் இப்பவும் பூவரசடியிலை இறங்கி உருட்டிக்கொண்டுதான் போறன். உன்ரை கடிதம் வாசிச்ச பிறகுதான் கவனிச்சன். நான் மட்டுமில்லை, முக்கால்வாசிச் சனம் இறங்குது. போன வருஷம் சைக்கிள் பழகின என்ரை வகுப்புப் பெட்டையளும் இறங்குதுகள். ஏன் பிள்ளை இறங்கினனீ எண்டு கேட்டன். இதிலை இறங்கிறதுதானே ரீச்சர் எண்டாள்."

சின்னக்கா, மன்னித்துக்கொள். ஒருத்தருக்கும் சொல்லாதே என்றதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். நீயும் பூவரசடியில் இறங்குகிறவர்களும் இதை வாசிக்கவேண்டும் என்றுதான்.

அவளுக்கு அன்றே பதில் போட்டேன். புரட்டாதி கடைசி ஞாயிறு இங்கே இந்த ஊர் ஓட்டம். இருபத்தாறு சந்தி. அனுமதி தேவையில்லை. இலக்கு மூன்று மணி இருபத்தைந்து. அதே ஞாயிறு விடிய அவள் வீட்டிலிருந்து சைக்கிளில் வெளிக்கிட்டு, வல்லை வெளி எதிர்க்காற்றில் மிதித்து, பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பவேண்டும். போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் பூவரசு வரும். இரண்டு தரமும் இறங்கக்கூடாது. வகுப்புப் பெட்டையள் வரிசையாய் நின்று பார்க்கட்டும்.

ஐயாவின் கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறதாம். நேரத்தைக் குறித்து அவள் எனக்கு எழுதவேண்டும், நான் அவளுக்கு எழுதுவேன். இந்தத் தரம் இரண்டு பேரும் ஒரு விநாடியும் கழிப்பதாயில்லை.